காற்று ஏறி வரும் நேரம்

கொல்லிமலை, தேவனூர் நாடு. மழை விட்ட ஒரு கார்த்திகைக் காலை. பாறைக் களத்தில் சாமை அடித்துக் குவித்திருந்தார்கள். குவியலுக்குப் பக்கத்தில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு ஓர் ஆயா உட்கார்ந்திருந்தார். மணி எட்டரை. வெயில் வந்துவிட்டது, ஆள் இருக்கிறது, முறம் இருக்கிறது. வேலை மட்டும் நடக்கவில்லை.

"என்ன ஆயா, தூத்தலையா?"

"இரு கண்ணு. காத்து இன்னும் ஏறி வரல."

'வீசல' என்றோ 'அடிக்கல' என்றோ அவர் சொல்லவில்லை. 'ஏறி வரல' என்றார். மலையில் பிறந்தவர்களுக்குக் காற்று கீழேயிருந்து நடந்து வருகிற ஆள். விடிந்ததும் சரிவுப் பாறைகள் சூடேறும். அவற்றைத் தொட்டிருக்கும் காற்றும் சூடேறி, எடை குறைந்து, சரிவைத் தடவிக்கொண்டே மேலே நகரும். அடிவாரத்துக் காற்று அந்த இடத்தை நிரப்ப வந்து, அதுவும் ஏறும். பத்து மணி வாக்கில் களத்தை எட்டிவிடும். பொழுது சாய்ந்தால் எல்லாம் திரும்பி, குளிர்ந்த காற்று கீழே இறங்கும்.

அவ்வப்போது ஒரு சிட்டிகைப் பதரை எடுத்து இடுப்பு உயரத்திலிருந்து விட்டுப் பார்த்தார் ஆயா. முதல் இரண்டு தடவை நேராக விழுந்தது. மூன்றாவது தடவை ஒரு முழம் தள்ளிப் போய் விழுந்தது. எழுந்து சேலையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

சுமார் 50 ஆண்டுகளுக்கு முன் கலிஃபோர்னியாவின் குன்றுகளிலும் ஆல்ப்ஸ் சரிவுகளிலும் சில இளைஞர்கள் இப்படித்தான் காத்துக் கிடந்தார்கள். கையில் முறத்துக்குப் பதில் அலுமினியக் குழாயும் பாய்த்துணியும். புல்லைக் கிள்ளிக் காற்றில் விட்டுப் பார்ப்பார்கள். நேராக விழுந்தால் உட்கார்ந்துகொள்வார்கள். தள்ளி விழுந்தால் இறக்கையைத் தோளில் தூக்கிக்கொண்டு சரிவில் ஓடுவார்கள். ஹேங் கிளைடிங் என்ற விளையாட்டு மலையேறிய கதை அவர்களுடையது.

நாரையைப் பார்த்தவர்

கதையின் மூத்தவர் ஜெர்மனியின் ஓட்டோ லிலியன்தால். பறவைகளின், குறிப்பாக நாரைகளின் இறக்கையை ஆண்டுக்கணக்கில் பார்த்து, அளந்து, 1889ல் ஒரு நூலே எழுதினார். 1891ல் பறக்கத் தொடங்கினார். மூங்கில் நம் ஊர் போல அங்கே கிடைக்காது. வில்லோ மரக்குச்சிகளை வளைத்து, பருத்தித் துணி போர்த்தினார். பெர்லின் அருகே வாகான குன்று இல்லை என்று 1894ல் 15 மீட்டர் உயரத்துக்கு மண்ணைக் கொட்டித் தானே ஒரு குன்று எழுப்பிக்கொண்டார். பறப்பதற்காக மலையைக் கட்டிய மனுஷன்!

2,000 தடவைக்கு மேல் பறந்தார். 1896 ஆகஸ்ட் 9 அன்று ஒரு குன்றிலிருந்து பறந்தபோது இறக்கை நிலை குலைந்து விழுந்தார். மறுநாள் இறந்தபோது வயது 48. இயந்திர விமானம் செய்வதற்கு முன் ரைட் சகோதரர்கள் படித்தது இவருடைய பாடங்களைத்தான்.

அவருடைய குறை எது என்று இன்றைக்குச் சுலபமாகச் சொல்லிவிடலாம். இறக்கைக்கு நடுவே கைகளை ஊன்றி, மார்புக்குக் கீழே மட்டும் தொங்கினார். காலை வீசித்தான் திசை திருப்ப வேண்டும். உடம்பின் பாதி எடை நகரவே நகராது. பட்டம் விடும் பையனிடம் கேட்டால் சொல்வான்: சூத்திரம் சரியாக விழவில்லை. சூத்திரக் கயிற்றின் முடிச்சு ஒரு விரற்கடை மேலே போனால் பட்டம் குத்தும், கீழே போனால் மல்லாக்கும். மனிதனைத் தொங்கவிடச் சரியான முடிச்சு எது என்று கண்டுபிடிக்க இன்னும் 67 ஆண்டுகள் ஆயின.

ஜன்னல் திரையும் வாழைத்தார் உறையும்

1948. அமெரிக்காவில் பிரான்சிஸ் ரோகல்லோ அரசு விமான ஆராய்ச்சிக் கூடத்தில் பொறியாளர். சாமானியனும் பறக்கிற மாதிரி மலிவான, மடித்து வைக்கக்கூடிய இறக்கை வேண்டும் என்பது அவர் ஆசை. அலுவலகம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டிலேயே பெரிய மின்விசிறி ஒன்றை வைத்துக் காற்றுச் சுரங்கம் அமைத்தார். மனைவி ஜெர்ட்ரூட், பூப்போட்ட ஜன்னல் திரையை வெட்டித் தைத்துக் கொடுத்தார். விறைப்பான சட்டம் கிடையாது. காற்றே துணிக்கு வடிவம் கொடுக்கும். 1951ல் காப்புரிமை இருவர் பெயரிலும் கிடைத்தது. பிற்பாடு விண்கலங்களைத் தரையிறக்க உதவுமா என்று நாசா இதைச் சோதித்தது. நீல் ஆம்ஸ்ட்ராங் கூட அந்தச் சோதனை ஊர்தியை ஓட்டியிருக்கிறார். கடைசியில் நாசா பாராசூட்டே போதும் என்று விட்டுவிட்டது. அரசு கைவிட்ட பொருளை ஊர்ப் பையன்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த காட்சி ஆஸ்திரேலியா, கிராஃப்டன் என்ற ஆற்றங்கரைச் சிற்றூர். ஜக்கராண்டா மரங்கள் பூக்கும்போது அங்கே ஊர்த் திருவிழா. 1963ல் அந்தத் திருவிழாவின் நீர்ச்சறுக்கு வேடிக்கைக்காக, படகு இழுக்க ஆள் தொங்கிப் பறக்கிற ஒரு பட்டம் செய்து தரச் சொல்லி ஜான் டிக்கன்சனைக் கேட்டார்கள். ரோகல்லோ இறக்கையின் படத்தைப் பார்த்திருந்த டிக்கன்சன் மரச் சட்டங்களை அடித்துச் சேர்த்தார். மேலே போர்த்த என்ன? அந்த வட்டாரம் வாழை விளையும் பூமி. தார் பழுக்கும்வரை மூடிவைக்கிற பிளாஸ்டிக் உறையை எடுத்துப் போர்த்திவிட்டார்.

கொல்லிமலைக்காரர்கள் இங்கே ஒரு நிமிடம் நிற்கலாம். வாழைத்தாருக்கு உறை மாட்டுவது நமக்குத் தெரியாத சங்கதியா! உலகம் முழுக்கப் பறக்கிற ஹேங் கிளைடரின் முதல் இறக்கை அந்தச் சரக்குதான்.

உறையை விடப் பெரிய விஷயம் அவர் தொங்கிய விதம். மகளை ஊஞ்சலில் வைத்து ஆட்டும்போது அவருக்குப் பொறி தட்டியது. ஆளை இறக்கையோடு கட்டாமல், இறக்கையின் எடைமையத்தில் ஊஞ்சல் போல ஒற்றைக் கயிற்றில் தொங்கவிட்டால் என்ன? எதிரே 'ஏ' எழுத்து வடிவில் ஒரு குழாய்ச் சட்டம். அதைத் தன் பக்கம் இழுத்தால் உடம்பு முன்னே போகும், மூக்கு தாழும், வேகம் கூடும். தள்ளினால் உடம்பு பின்னே போகும், மூக்கு தூக்கும், வேகம் குறையும். பக்கவாட்டில் நகர்ந்தால் அந்தப் பக்கம் திரும்பும். சுக்கான் இல்லை, மிதி இல்லை, ஒரே ஒரு குழாய். 1963 செப்டம்பரில் அது கிளாரன்ஸ் ஆற்றின் மேல் பறந்தது. லிலியன்தாலுக்கு அமையாத சூத்திர முடிச்சு விழுந்த இடம் அது. இன்றைய ஹேங் கிளைடரிலும் அதே சட்டம், அதே ஊஞ்சல். பன்னாட்டு வான்விளையாட்டுச் சம்மேளனம் டிக்கன்சனுக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது 2012ல். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு தாமதம். 2023ல் காலமானார்.

பெரிய பட்டத்தோடு விளையாடினால் என்ன ஆகும் என்பது யாழ்ப்பாணத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. தைப்பொங்கலை ஒட்டி வடமராட்சியில் ஆளுயரத்தை மிஞ்சும் பட்டங்கள் ஏறும். முச்சை, அதாவது நம் சூத்திரம், கட்டுவதில் அங்கே விற்பன்னர்கள் உண்டு. 2021 டிசம்பரில் பலர் சேர்ந்து ஒரு பெரிய பட்டத்தை ஏற்றியபோது, மற்றவர்கள் கயிற்றை விட்டுவிட, விடாமல் பிடித்திருந்த ஓர் இளைஞர் 30 அடிக்கும் மேலே போய்விட்டார். விழுந்தும் சிறு காயத்தோடு தப்பினார். உலகமே பார்த்துச் சிரித்த காணொளி அது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கையில் இருந்தது வெறும் கயிறு. டிக்கன்சனின் சட்டம் ஒன்று இருந்திருந்தால் அவர் பாட்டுக்கு இறங்கி வந்திருப்பார்.

கயிற்றை விட்டு மலைக்கு

படகு இழுக்கும் வரை அது திருவிழா வேடிக்கைதான். பில் மோயஸ், பில் பென்னட் என்ற இரண்டு ஆஸ்திரேலியர்கள் அதைக் கயிற்றிலிருந்து அவிழ்த்தார்கள். பென்னட் 1969ல் அமெரிக்கா போய் சுதந்திர தேவி சிலையைச் சுற்றிப் பறந்து காட்டினார். மோயஸ் 1970ல் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் இறங்கினார். அவர்களிடமிருந்து மலைக்காரர்கள் ஒரு பாடம் படித்தார்கள்: இழுக்க ஆள் இல்லாவிட்டால் பரவாயில்லை, சரிவும் எதிர்க்காற்றும் இருந்தால் போதும்.

கலிஃபோர்னியாவில் இன்னொரு கூட்டம் தனியாகக் கிளம்பியிருந்தது. ரிச்சர்ட் மில்லர் என்பவர் மூங்கில் கழிகளில் பாலிதீன் தாளை ஒட்டி, அதற்கு 'மூங்கில் வண்ணத்துப்பூச்சி' என்று பெயர் வைத்து மணல்மேடுகளில் ஓடினார். ஜாக் லாம்பி என்ற பள்ளி ஆசிரியர் மாணவர்களோடு சேர்ந்து இரட்டை இறக்கைக் கிளைடர் ஒன்றைச் செய்து, அதன் வரைபடத்தை அஞ்சலில் விற்றார். லிலியன்தாலின் பிறந்த நாளான மே 23 அன்று, 1971ல், நியூபோர்ட் பீச் அருகே ஒரு குன்றில் இந்தக் கூட்டமெல்லாம் கூடியது. மூங்கில், பாலிதீன், ஒட்டுப்பட்டை. பெரும்பாலான 'பறத்தல்' சில விநாடிகளில் முடிந்து புல்லில் உருளும். நேஷனல் ஜியாக்ரபிக் இதழ் அடுத்த ஆண்டு அதைப் படங்களோடு வெளியிட்டது. அப்புறம் யார் சொன்னால் கேட்பார்கள்?

அந்தக் காலத்துப் பையன்களிடையே புழங்கிய ஒரு பேச்சு உண்டு: எவ்வளவு உயரத்திலிருந்து விழச் சம்மதமோ, அவ்வளவு உயரம் மட்டும் பற. கேட்க வேடிக்கை. உண்மையில் அவர்களிடமிருந்த ஒரே பாதுகாப்பு விதி அதுதான். பயிற்சிப் பள்ளி கிடையாது, சொல்லிக் கொடுக்க மூத்தவர் கிடையாது, அவசரப் பாராசூட்டும் கிடையாது.

1971 செப்டம்பரில் டேவ் கில்போர்ன் என்பவர் கலிஃபோர்னியாவின் மிஷன் பீக் சிகரத்தில் இறக்கையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிக் கிளம்பி, ஒரு மணி நேரத்துக்கும் மேல் காற்றிலேயே இருந்தார். இதற்கு முன் பெரும்பாலானவர்கள் மேலிருந்து கீழே இறங்கியவர்கள். இவர் இறங்கவில்லை. சரிவில் ஏறி வந்த காற்று அவரைத் தாங்கிக்கொண்டது. தேவனூர் நாட்டு ஆயா சொன்ன 'ஏறி வரும்' காற்று என்ன வேலை செய்யும் என்பதற்கு அந்த ஒரு மணி நேரம் சாட்சி.

1973 ஏப்ரலில் மைக் ஹார்க்கர் என்ற அமெரிக்கர் ஜெர்மனியின் மிக உயரமான சுக்ஷ்பிட்ஸ சிகரத்திலிருந்து, அதாவது 2,962 மீட்டரிலிருந்து குதித்துப் பள்ளத்தாக்கில் பத்திரமாக இறங்கினார். ஐரோப்பாவுக்கு அதற்குப் பிறகு தூக்கம் போயிற்று. 1976ல் ஆஸ்திரியாவின் கோஸனில் முதல் அதிகாரபூர்வ உலகப் போட்டி. 1979ல் பிரெஞ்சுக்காரர் ழான் மார்க் புவாவின் கே2 மலையில் 7,600 மீட்டரிலிருந்து பறந்தார்.

அம்பு போல் விழுந்தவர்கள்

அதற்குள் நிறையப் பேர் செத்துவிட்டார்கள். பழைய பத்திரிகைகளின் பளபளப்புப் படங்களில் இந்தப் பக்கம் தெரியாது.

காரணம் விசித்திரமானது. ரோகல்லோ இறக்கைக்குக் காற்றுதான் வடிவம் கொடுக்கிறது என்றேன். வேகம் கூட்ட வேண்டும் என்று சட்டத்தை அளவுக்கு மேல் இழுத்தால் மூக்கு செங்குத்தாகத் தாழும். காற்று துணியின் அடிப்பக்கம் படாமல் மேல்பக்கம் படும். அவ்வளவுதான், துணி தளர்ந்து கொடியில் காயப்போட்ட வேட்டி மாதிரி படபடக்கும். வடிவமில்லாத இறக்கைக்குத் தூக்கும் சக்தி இல்லை. சட்டத்தை எவ்வளவு தள்ளினாலும் பயன் இல்லை, தள்ளுவதற்கு அங்கே இறக்கையே இல்லையே! எவ்வளவு உயரம் மிச்சம் இருந்தாலும் நேராக இறங்கும். பறப்பவருக்கு இது தெரியாது. கற்றுக் கொடுத்திருக்க வேண்டியவருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்ல இருக்கவில்லை.

தீர்வு எளியது. இறக்கைக்கு மேலே ஒரு சிறு கம்பம் நட்டு, அதன் உச்சியிலிருந்து துணியின் பின்விளிம்புக்கு மெல்லிய கம்பிகள் கட்டினார்கள். மூக்கு எவ்வளவு தாழ்ந்தாலும் பின்விளிம்பு ஓர் அளவுக்குக் கீழே போகாது. அந்த மேல்நோக்கிய வளைவே மூக்கைத் தூக்கிவிடும். இறக்கை நுனிகளையும் முறுக்கி இறுக்கினார்கள். தயாரிப்பாளர்கள் சங்கம் வைத்து, வண்டிமேல் இறக்கையைப் பூட்டி ஓட்டிச் சோதித்த பிறகே விற்பது என்று ஆனது. 70களின் கடைசியில் அவசரப் பாராசூட்டும் வந்தது. சில கம்பிகள்தான். அந்தக் கம்பிகளுக்குக் கொடுத்த விலையை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

இன்னொரு தவறு. இதற்குத் தொழில்நுட்பமே தேவையில்லை. கொக்கியை மாட்ட மறப்பது! இறக்கையைத் தூக்கி, காற்றைப் பார்த்து, துணிந்து ஓடி, தரை காலை விட்ட பிறகு, தன் ஊஞ்சலுக்கும் இறக்கைக்கும் இணைப்பே இல்லை என்று தெரிய வரும். சட்டத்தைக் கையால் பிடித்துத் தொங்க வேண்டியதுதான். பழங்காலக் கதை என்று நினைக்காதீர்கள். 2018ல் சுவிட்சர்லாந்தில் ஒரு சுற்றுலாப் பயணி, பைலட் கொக்கி மாட்ட மறந்ததால், இரண்டு நிமிடத்துக்கும் மேல் கையாலேயே தொங்கிக்கொண்டு இறங்கினார். மணிக்கட்டு முறிந்தது, உயிர் போகவில்லை. அதனால்தான் அனுபவஸ்தர்கள் ஓடுவதற்கு முன் தரையிலேயே ஒருமுறை முழு எடையோடு தொங்கிப் பார்ப்பார்கள். ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொள்வார், பறப்பவர் படுத்தவாக்கில் தொங்குவார், வயிறு சட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். பத்து விநாடி வேலை.

நம் மலைகளில்

இந்தியாவில் இமாச்சலத்தின் பில்லிங்கை, சட்டமில்லாத துணி இறக்கையில் பறக்கும் பாராகிளைடிங்கின் தலைநகர் என்கிறார்கள். 2015ல் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டியே அங்கே நடந்தது. ஆனால் 1980களில் அந்த மலைமேட்டை வெளியுலகத்துக்குக் காட்டியவர்கள் ஹேங் கிளைடர்காரர்கள். தமிழ்நாட்டில் ஹேங் கிளைடிங் என்றால் சுற்றுலாக் கையேடுகள் நெடுங்காலமாகச் சொல்லும் பெயர் ஊட்டிக்குப் பக்கத்துக் கல்லட்டி. ஊட்டிப் பீடபூமி அங்கே சட்டென்று முடிந்து, 36 கொண்டை ஊசி வளைவுகளில் சீகூர் பீடபூமிக்கு இறங்குகிறது. புறப்பட அருமையான இடம். இறங்கத்தான் யோசிக்க வேண்டும். கீழே முதுமலை புலிகள் காப்பகத்தை ஒட்டிய காடு, யானைகளின் நடைபாதை. புறப்படும் இடத்தை வைத்தே மலையை மதிப்பிடுவது நம்மவர்களின் வழக்கம். பறக்கிறவனுக்கு இறங்கும் இடம்தான் முதல் கேள்வி.

ஏலகிரியில் சுற்றுலாத் துறை நடத்தியது பாராகிளைடிங் விழா. அதிலேயே ஹேங் கிளைடரின் பிற்காலக் கதை இருக்கிறது. 1978ல் பிரான்சின் மியூஸியில் மூன்று பாராசூட் வீரர்கள், விமானத்துக்குக் காசு கட்ட முடியாமல், விரித்த பாராசூட்டோடு மலைச்சரிவில் ஓடினார்கள். அந்த ஓட்டம் பாராகிளைடிங் ஆனது. குழாயே இல்லை, எல்லாம் முதுகுப்பையில் அடங்கும். ஹேங் கிளைடரோ மடித்தாலும் ஐந்தாறு மீட்டர் நீள மூட்டை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் நம் ஊர் பஸ் கூரையில் அதைக் கட்டிக்கொண்டு போவதை ஒரு நிமிடம் கற்பனை செய்து பாருங்கள், நடத்துனர் முகத்தோடு சேர்த்து! உலகமெங்கும் இளைஞர்கள் முதுகுப்பையின் பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை.

ஆனாலும் வேகத்திலும் தூரத்திலும் ஹேங் கிளைடர் இன்னும் முரட்டு ஆசாமி. 70களின் தொடக்கத்து இறக்கை ஒரு மீட்டர் கீழே இறங்குவதற்குள் நான்கு மீட்டர்தான் முன்னே போகும். கொல்லிமலை விளிம்பிலிருந்து 800 மீட்டர் இறக்கம் என்று வைத்துக்கொண்டால் மூன்று கிலோமீட்டர் சொச்சம். இன்றைய போட்டி இறக்கை ஒன்றுக்குப் பதினைந்து போகும், அதே உயரத்திலிருந்து 12 கிலோமீட்டர். வழியில் ஏறும் காற்று கிடைத்தால் கணக்கே வேறு. 2012 ஜூலையில் அமெரிக்காவின் டெக்சாஸில் டஸ்டின் மார்ட்டின் ஒரே நாளில் 764 கிலோமீட்டர் பறந்தார். என்ஜின் கிடையாது.

கொல்லிமலையில் பறக்கும் விளையாட்டு கொண்டுவந்தால் கூட்டம் வரும், வருமானம் வரும் என்ற பேச்சு எப்போது எழுந்தாலும் எனக்கு ஆயாவின் சிட்டிகைப் பதர்தான் நினைவுக்கு வருகிறது. ஆடியில் வல்வில் ஓரி விழாவுக்குக் கூட்டம் சேர்கிற நாளில் பறக்கவிடலாம் என்று யாராவது திட்டம் போட்டால், அம்மியும் பறக்கும் காற்று அது என்று இங்கே சின்னப் பிள்ளையும் சொல்லும். காற்றின் வேகம் இறக்கையின் வேகத்தைத் தாண்டிவிட்டால் பறப்பவர் முன்னே போக முடியாது. பின்னுக்குத் தள்ளப்பட்டு விளிம்புக்கு அந்தப்புறம் போய்விட்டால், அங்கே காற்று கீழ்நோக்கிச் சுழன்று அடிக்கும். மாதம், மணி, சரிவு என்று காற்றின் கணக்கைத் தேவனூர் நாட்டுக் களத்துக்காரர்கள் தலைமுறையாக வைத்திருக்கிறார்கள். அனுமதி கொடுக்கிற அதிகாரி கோப்பில் கையெழுத்துப் போடுவதற்கு முன், ஓராண்டு அவர்களோடு களத்தில் உட்கார வேண்டும். இறங்க ஒரு வெட்டவெளி, காற்றுக் கூம்பு, தேர்ந்த பைலட், 'இன்றைக்கு வேண்டாம்' என்று சொன்னால் பணத்தைத் திருப்பித் தருகிற ஏற்பாடு. இவ்வளவும் இல்லாமல் ஆரம்பிக்கக் கூடாது. மற்றவர்கள் 70களில் உயிரைக் கொடுத்துப் படித்த பாடத்தை நாம் மறுபடி முதல் வகுப்பிலிருந்து படிக்க வேண்டியதில்லை.

ஏலகிரியோ, பில்லிங்கோ, வெளிநாடோ, எங்கே போய்ப் பறக்க உட்கார்ந்தாலும், வாசகரே, பைலட் அவசரப்படுத்தினாலும் சரி, பின்னால் வரிசை நின்றாலும் சரி: ஓடுவதற்கு முன் உங்கள் கொக்கியை நீங்களே ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.